இடது கை ஓட்டு

நாணல்பேடு பஞ்சாயத்து போர்டின் பிரசிடெண்டு ஜம்புலிங்க முதலியாருக்கு இரண்டு கைகள். எல்லோருக்கும் அப்படித்தானே என்பீர்கள். ஆனால் மற்றவர்கள் இரண்டு கைகளை வைத்துக்கொண்டும் ஒரே ஓட்டுத்தான் போட முடியும். முதலியார் வலது கையைத் தூக்கினால் அது அவருடைய ஓட்டு. இடது கையைத் தூக்கினால் அது அவர் சம்சாரம் தாட்சாயிணி அம்மாளின் ஓட்டு.

இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஊராட்சியில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று சர்க்காரே ஒரு ஸ்தானத்தைப் பெண்ணுக்கென்று ஒதுக்கி, தாட்சாயிணி அம்மாளை அதற்கு நியமித்தது. நியமன உத்தரவு வந்த அன்று முதலியார் வீட்டில் பாயசம். அதைக் கிண்டியவரும் தாட்சாயிணி அம்மாள்தான். அதோடு அவருடைய உத்தியோகம் முடிந்தது. கௌரவமான வீட்டுப் பெண் ஆண்கள் கூடுகிற இடத்துக்கு எப்படிப் போவது? ஆகவே மீட்டிங்கில் பிரசிடெண்டுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். முதலியார் தம் அங்கவஸ்திரத்தை மடித்து அதன்மேல் வைப்பார். ஓட்டெடுப்பு வந்தால் இரண்டு கைகளையும் தூக்குவார். கிளார்க்கு திருவேங்கடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பிரசிடெண்டு, ஒன்று. பெண் அங்கத்தினர், ஒன்று" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதிக்கொள்வார். ஒரு தடவை முதலியாருக்கு இடது தோளில் வாயுப்பிடிப்பு. அன்று பெண் அங்கத்தினர் நடுநிலை வகித்ததாகக் குறிப்பு ஏறியது.

இப்பேர்ப்பட்ட போர்டின் முன்னால்தான் ஒரு நாள் முனியம்மா வந்து நின்றாள். முதலியார் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போகிற சேரிப் பெண் அவள். உள்ளே வர உத்தரவு இல்லாததால் வாசற்படிக்குக் கீழே வெயிலில் நின்றாள்.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பூங்காவனம் முந்தின வருஷம் ஐப்பசியில் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். ஊரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த கிழவிக்குக் கண் போய், அவள் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். வலி கண்டு இரவும் பகலும் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்ற ஆவடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிளாட்பாரத்தில் பழைய புடவையை விரித்துப் படுக்க வைத்தார்கள். "ரயிலு வருதாம்மா?" என்று கேட்டுக் கேட்டு, கேட்பதை நிறுத்திவிட்டாள் பூங்காவனம். ரயில் பிறகு வந்தது.

இப்போது இளையவள் வடிவு முழுகாமல் இருந்தாள். தையில் நாள். முனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இடம் கொடுக்கிற ஊருக்குப் படித்த நர்ஸ் ஒருத்தியைத் தங்கள் செலவிலேயே அனுப்புவதாக ஜில்லா போர்டார் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் காதில் விழுந்திருந்தது. இடமும் இருந்தது. போர்டு ஆபீசை ஒட்டி ஓடு போட்ட ஓர் அறை. கவர்னர் வந்தால் நிறுத்துவதற்கான அலங்கார வளைவை அதற்குள் சாய்த்து வைத்திருந்தார்கள். கவர்னர் வந்ததில்லை, வருவதாகச் சொன்னதும் இல்லை. போர்டு ஒரு தீர்மானம் போட்டால் போதும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"ஆண்டே, அந்த ரூமைக் குடுத்தா நர்சம்மா வந்துடுவாங்களாம். எஞ் சின்னப் பொண்ணுக்குத் தை மாசம் பிரசவம்..." என்று தொடங்கினாள்.

உள்ளே இருந்த மெம்பர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் இருமினார்கள். மெம்பர் செங்கல்வராய நாயக்கர் காதைப் பொத்திக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்து, கடுக்கனைத் திருகிக்கொண்டார்.

"முனியம்மா, நீ கேக்கறது நியாயந்தான்" என்றார் முதலியார். "ஆனா பொம்பளைங்க சமாசாரத்தை ஆம்பளைங்க நாங்க சபையில எப்படி வாய்விட்டுப் பேசறது? அது பொம்பளைங்களுக்கே மரியாதை இல்ல. அதுக்குத்தான் இங்க பொம்பளை மெம்பர் கீறாங்க. அவங்க வந்து தீர்மானம் கொண்டாந்தா நாங்க குறுக்கே நிக்கவே மாட்டோம்."

"அந்த மெம்பரு யாருங்க ஆண்டே?"

"எங்க ஊட்ல."

"அவங்க எப்ப இங்க வருவாங்க?"

"நல்ல குடும்பத்துப் பொம்பளை எதுக்கு இங்க வரணும்?"

பேச்சில் பிழை எங்கே என்று முனியம்மாவால் பிடிக்க முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. திருவேங்கடம் குறிப்பு எழுதினார்: 'அந்த விஷயம் பற்றிப் பேச அந்த அங்கத்தினர் வராதபடியால், அந்த விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.'

அவள் நேரே முதலியார் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றாள். தாட்சாயிணி அம்மாள் வடகத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

"எனக்கு ரெண்டு புள்ளையும் பட்டணத்துலதான் பொறந்துது. கார் பேசி இட்டுகினு போனாரு" என்றார். "உன் பொண்ணு போனதைக் கேட்டு நான் அன்னிக்கிச் சாப்பிடல முனியம்மா. ஆனா நான் பேருக்குத்தான் மெம்பரு. நீ அவரையே கேளு."

"அவரு உங்களைக் கேக்கச் சொல்றாரும்மா."

தாட்சாயிணி அம்மாள் வடகத்தைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் பேசும்படக் கம்பெனி வந்தது. படத்தின் பெயர் 'செங்கோல் நாச்சியார்'. கதை சிக்கலானது அல்ல. வேட்டைக்குப் போன ராஜா காணாமல் போகிறார். ராணி சிம்மாசனம் ஏறுகிறாள். வரி குறைகிறது, திருடர்கள் திருந்துகிறார்கள், ஏரிகள் நிரம்புகின்றன. கடைசியில் ராஜா திரும்பி வந்ததும், பெண்ணுக்குச் சிம்மாசனம் புருஷன் பாதமே என்று பாடிவிட்டு ராணி மகுடத்தைக் கழற்றி அவர் காலடியில் வைக்கிறாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்று ராஜாவை யாரும் கேட்பதில்லை.

ராணியின் கொலு மண்டபத்தை ஏரிக்கரையில் போட வேண்டும், பிறகு ஒரு நாள் வந்து ஏரிக்குள் ஓடப்பாட்டு ஒன்றும் எடுக்க வேண்டும் என்று டைரக்டர் ஜானகிராமன் கேட்டார். கரை போர்டைச் சேர்ந்தது. போர்டு உடனே அனுமதி கொடுத்தது. கவர்னருக்கான வளைவை வெளியே எடுத்து, ராணியாக நடிக்கிற நாகவல்லிக்காக நிறுத்தினார்கள். முதலியார் வரவேற்புரை நிகழ்த்தினார்.

"பெண்கள் நாடாள வேண்டும் என்று சினிமாவில் இப்போதுதான் சொல்கிறீர்கள். நாணல்பேட்டில் அது எப்போதோ வந்துவிட்டது" என்றார். "எங்கள் போர்டில் ஒரு பெண் அங்கத்தினர் இருக்கிறார். இதுவரை எந்தத் தீர்மானத்தையும் அவர் எதிர்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்டதில்லை. குரலை உயர்த்தியதில்லை. குரலே காட்டியதில்லை. அப்படிப்பட்ட ஒரு பெண்மணி கையில் அதிகாரத்தைக் கொடுக்க நாங்கள் ஒருநாளும் தயங்கியது கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். நாகவல்லி, "அந்த அம்மா எங்க?" என்று கேட்டாள். முதலியார் பெருமையோடு, "ஊட்ல" என்றார்.

மந்திரி வேஷக்காரர்களை ஏற்றி வந்த லாரி அம்பத்தூரில் நின்றுவிட்டது. வெயில் இறங்குவதற்குள் காட்சியை எடுத்தாக வேண்டும். டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு போர்டைப் பார்த்தார். போர்டு மொத்தமும் தாடி கட்டிக்கொண்டது. முதலியார் பிரதம மந்திரி. ராணி ஆணையிடும்போதெல்லாம் குனிந்து, "அப்படியே ஆகட்டும், மகாராணி" என்று சொல்ல வேண்டும். அதை அவர் ஒரு தென்னைமரத்தடியில் நின்று வெகு நேரம் பாடம் பண்ணினார். சம்சாரம் பார்க்கட்டும் என்று கூண்டு வண்டியை வரவழைத்துக் கரையோரம் நிறுத்தச் சொன்னார். தாட்சாயிணி அம்மாள் வண்டிக்குள் இருந்து துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணியின் குடிமக்களாகச் சேரிப் பெண்களைக் கூலி பேசி உட்கார வைத்தார்கள். அழுத முகம் ஒன்று வேண்டும் என்று தேடி வந்த டைரக்டர், முனியம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீ எழுந்து போ. ராணி கால்ல விழு. 'மகாராணி, எங்கள் குறை தீர வேண்டும்'னு சொல்லு. அவங்க 'உன் குறை என்ன'ன்னு கேப்பாங்க. நீ அழு. அவ்வளவுதான். அப்புறம் பாட்டு."

மூங்கிலில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் தொங்கவிட்டார்கள். காட்சியைத் தொடங்கும்போதெல்லாம் தூரத்தில் ஆவடி லயனில் ரயில் கூவியது. ஒவ்வொரு தடவையும் நிறுத்த வேண்டி வந்தது.

"இந்த லயன்ல இவ்ளோ ரயிலாய்யா ஓடுது?" என்று டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

"எம் பொண்ணு படுத்துகினு இருந்த அன்னிக்கி ஒண்ணுகூட வரலியே" என்றாள் முனியம்மா, பக்கத்தில் இருந்தவளிடம்.

கடைசியில் சத்தம் ஓய்ந்தது. முனியம்மா போனாள், விழுந்தாள், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். நாகவல்லி கேட்டாள்: "தாயே, உன் குறை என்ன?"

முனியம்மாவை அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டதால் சொன்னாள்.

"எம் பெரிய பொண்ணு பூங்காவனம் ஆவடி டேசன்ல செத்துப் பூட்டாம்மா. புள்ள பெற முடியாம. இப்ப சின்னது வடிவுக்குத் தை மாசம். நம்ப ஊர்ல ரூமு ஒண்ணு சும்மா கீது. ஒரு நர்சம்மாவ இட்டாந்து வெச்சா போதும். எனக்கு வேற ஒண்ணும் வோணாம்."

டைரக்டர் கையைத் தூக்கினார், நிறுத்தச் சொல்ல. தூக்கிய கை அப்படியே நின்றது. நாகவல்லி அழுதுகொண்டிருந்தாள். அது அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த அழுகை அல்ல. பிறகு சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்றாள்.

"அமைச்சரே, இந்தத் தாயின் ஊரில் உடனே மருத்துவச்சி அமர்த்தப்பட வேண்டும். பிள்ளை பெறப் போய் இனி என் நாட்டில் ஒரு பெண்ணும் சாகக் கூடாது. இது நம் ஆணை."

முதலியாருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ராணி ஆணையிட்டால் குனிய வேண்டும். வளைந்து குனிந்து, ஏரி முழுக்கக் கேட்கும் குரலில், "அப்படியே ஆகட்டும், மகாராணி" என்றார். பின்னால் நின்ற போர்டும் குனிந்து, "அப்படியே ஆகட்டும்" என்றது.

காட்சி முடிந்ததும் நாகவல்லி முனியம்மாவைத் தனியே கூப்பிட்டாள். "நான் சொன்னது நடக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"நீதானேம்மா ராணி, என்னைக் கேக்கறியே."

"என் ராஜ்யமெல்லாம் ராஜா திரும்பி வர வரைக்குந்தான். அப்புறம் நானே மகுடத்தைக் கழட்டி அவர் கால்ல வெக்கணும். அதை நேத்தே எடுத்து முடிச்சிட்டாங்க" என்றாள் நாகவல்லி. காதில் இருந்த கல் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது கம்பெனியுடையது, கொடுக்க முடியாது. முனியம்மாவின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் முனியம்மாவும் நாலைந்து பெண்களும் விளக்குமாறோடு வந்து, வளைவு போய்க் காலியாகக் கிடந்த அந்த அறையைப் பெருக்க ஆரம்பித்தார்கள். திருவேங்கடம் ஓடிப் போய் முதலியாரை அழைத்து வந்தார்.

"இன்னாடி இது?"

"நர்சம்மா வரதுக்கு ரூமைக் கூட்றோம் ஆண்டே."

"அது சினிமாடி. அவ ராணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"தெரியும் ஆண்டே. அந்தம்மா வேசங்கட்ன ராணி. ஆனா நீங்க நெசம் பிரசிடெண்டு தானே? அப்படியே ஆவட்டும்னு சொன்னது நீங்க தானே? அதுவும் கரைமேல நின்னு சொன்னீங்க."

நாணல்பேட்டில் தண்ணீர் முறைத் தகராறெல்லாம் ஏரிக்கரையில் வைத்துத்தான் தீர்ப்பார்கள். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கரைமேல் நின்று சொன்ன சொல்லை ஒருவன் மாற்றினால் கரை உடையும் என்பது ஊரின் நம்பிக்கை. கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்து காபி குடிக்கிறவர்கள்கூடக் கரையில் பொய் சொல்ல மாட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்த முதலியாரோ அன்றைக்குத் தாடியின் மகிழ்ச்சியில் இருந்தார்.

அவசர மீட்டிங் கூடியது.

"கரையில சொன்ன சொல்லு. வேற எதுவா இருந்தாலும் பரவால்ல" என்றார் நாயக்கர். அவருடைய நிலம் முழுவதும் கரைக்குக் கீழே இருந்தது.

"சொன்னது மந்திரி" என்றார் முதலியார். "மந்திரிக்கு இந்த ஊர்ல நிலமும் கெடையாது, ஓட்டும் கெடையாது."

"வாய் நம்ப வாய் தானே?"

"வாய் நம்மளதுதான். ஆனா வாயை மறைச்சிகினு இருந்தது தாடி. தாடி கம்பெனியோடது."

இது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. மதியம் வரை விவாதித்து ஒரு தீர்மானம் போட்டார்கள்: 'ஏரிக்கரையில் மேற்படி வார்த்தையைச் சொன்னது கம்பெனியாரின் தாடி என்றும், மேற்படி தாடி சாயங்காலமே கம்பெனியாரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டபடியால் வார்த்தையும் கூடவே திருப்பிக் கொடுக்கப்பட்டதென்றும் இந்தப் போர்டு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.'

"அந்த ரூம் சும்மாதான கீது. குடுத்துட்டா இன்னா?" என்றார் நாயக்கர் மெதுவாக.

"போன மாசம் கேட்டிருந்தா குடுத்திருக்கலாம்" என்றார் முதலியார். "இப்பக் குடுத்தா கூத்தாடிப் பொம்பளை ஆணை போட்டு நாம செஞ்ச மாதிரி ஆயிடும். ஒரு பொம்பளை சொல்லிப் போர்டு கேட்டுதுன்னு ஊர்ல பேரு வந்தா, நாளைக்கி அவனவன் ஊட்ல சோறு கெடைக்குமா?"

அந்தக் காட்சியை வெட்டி எறியாவிட்டால் ஓடப்பாட்டுக்கு ஏரி கிடைக்காது என்று கம்பெனிக்குத் தெரிவிப்பதாக இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. இரண்டு தீர்மானத்துக்கும் முதலியார் இரண்டு கைகளையும் தூக்கினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தாட்சாயிணி அம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "நான் மெம்பர் தானேங்க?"

"யார் இல்லைன்னது?"

"அப்ப அடுத்த மீட்டிங்குக்கு வரேன். அந்தத் தீர்மானத்தை நானே கொண்டாரேன். பொம்பளை மெம்பர் வந்தா பாஸ் பண்ணுவோம்னு நீங்கதானே சொன்னீங்க."

முதலியாரின் கை இலையில் நின்றது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சம்சாரத்தின் பேச்சில் இத்தனை வாக்கியங்களைத் தொடர்ந்து கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல விதியில் இடம் இல்லை.

விதியில் இல்லாததைக் கௌரவம் செய்தது. தாட்சாயிணி அம்மாள் மீட்டிங்குக்கு வந்தபோது அவருடைய நாற்காலியை மூலையில் போட்டு, அதைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து அவர் தெரியவில்லை. வாசற்படிக்குக் கீழே முனியம்மாவும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வடிவும் நின்றார்கள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. "பக்கத்து ரூமை நர்சுக்குக் குடுக்கணும். நம்ப ஊர்ல பொம்பளைங்க பிரசவத்துல சாகறாங்க. பூங்காவனம் செத்தா. இன்னொருத்தி வாசல்ல நிக்கறா. அவ சாகக் கூடாது. இதான் என் தீர்மானம்."

முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த விஷயத்துக்குச் சாதகமானவங்க கை தூக்கலாம்" என்றார்.

தட்டிக்குப் பின்னால் வளையல்கள் மேலே போகிற சத்தம் கேட்டது. நாயக்கரின் கை மடியிலிருந்து எழும்பிக் கடுக்கன் வரைக்கும் போய் நின்றுவிட்டது. வேறு கை எதுவும் எழவில்லை.

"அம்மா தூக்கறாங்க போல கீதுங்க" என்றார் திருவேங்கடம்.

"கையைப் பாத்தியா?"

"வளைச் சத்தம் கேட்டுதுங்க."

"சத்தத்தைக் குறிப்புல எழுத விதி கீதா?"

திருவேங்கடம் விதியைப் பற்றி யோசித்தார். அப்படி ஒரு விதி இல்லை.

"எதிரானவங்க" என்றார் முதலியார். சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கினார். ஒரு கணம் தயங்கினார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு வழக்கம் வென்றது. இடது கையும் மேலே போனது. திருவேங்கடம் எழுதினார்: 'பிரசிடெண்டு, ஒன்று. பெண் அங்கத்தினர், ஒன்று.' பெண் அங்கத்தினர் கொண்டுவந்த தீர்மானம் பெண் அங்கத்தினராலேயே தோற்கடிக்கப்பட்டது. தட்டிக்குப் பின்னால் வளையல்கள் வெகு நேரம் கழித்துத்தான் கீழே இறங்கின.

தை பிறந்தது. வடிவுக்கு வலி கண்டது. அதே கட்டை வண்டி, அதே வைக்கோல். புருஷன் வேம்புலி மாடுகளை அடித்து விரட்டினான். இந்தத் தடவை ரயில் நேரத்துக்கு வந்தது. ரயில் அம்பத்தூரைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. ரயிலில் இருந்த பெண்கள் தங்கள் முந்தானையையெல்லாம் கொடுத்தார்கள். நிறுத்தத் தெரிந்த கை ஒன்று அந்தப் பெட்டியில் இல்லை. பட்டணம் வந்தபோது முனியம்மாவின் மடியில் உயிரோடு ஒரு பெண் குழந்தையும் உயிரில்லாமல் ஒரு பெண்ணும் இருந்தார்கள்.

போர்டு அனுதாபத் தீர்மானம் கொண்டுவந்தது. சாவின் காரணத்தைச் சபையில் சொல்ல முடியாதபடியால், 'அந்த விஷயமாக அன்னாருக்கு நேர்ந்ததற்கு' என்று எழுதினார்கள். பெண் அங்கத்தினர் வரவில்லை. அவர் சார்பில் இடது கை அனுதாபப்பட்டது.

சித்திரையில் 'செங்கோல் நாச்சியார்' ஆவடி டூரிங் கொட்டகைக்கு வந்தது. நாணல்பேடே வண்டி கட்டிக்கொண்டு போனது. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஆண்கள் பக்கம் முன்வரிசை நாற்காலிகளில் போர்டு. பெண்கள் பக்கம் பின்னால் பெஞ்சில் தாட்சாயிணி அம்மாள். மணல் தரையில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு முனியம்மா. அவளுக்குச் சினிமா ஆசை ஒன்றும் இல்லை. தன் இரண்டு பெண்களின் பெயரையும் ஒரு ராணி காது கொடுத்துக் கேட்டாள், அது படத்தில் இருக்கும் என்று நினைத்தாள். அதை இன்னொரு தடவை கேட்க வந்திருந்தாள்.

கொலு மண்டபம் வந்தது. முனியம்மா எழுந்து நடந்தாள், விழுந்தாள். "உன் குறை என்ன?" என்றாள் ராணி. திரையில் முனியம்மா வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் படம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தப்புரத்தில் தோழிகள் பந்தாடினார்கள்.

"இன்னாக்கா, நீ பேசினியே, எங்க அது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பேசினேன்டி" என்றாள் முனியம்மா.

படம் ஓடியது. ராஜா திரும்பி வந்தார். ராணி பாடி, மகுடத்தைக் காலடியில் வைத்தாள். "இனி நீ அந்தப்புரம் செல்லலாம். அரசாளும் சுமை உனக்கு வேண்டாம்" என்றார் ராஜா. உடனே திரையில் தாடி வைத்த முதலியார் வளைந்து குனிந்தார். பின்னால் போர்டு குனிந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றது. நர்ஸுக்காகச் சொன்ன அதே 'அப்படியே ஆகட்டும்'தான். 'மகாராணி'யை வெட்டிவிட்டு மீதியை இங்கே ஒட்டியிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எதையும் வீணாக்குவதில்லை.

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. முதலியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது மணலில் இருந்து முனியம்மா எழுந்தாள். கத்தவில்லை. கரையில் நாகவல்லிக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள்: "எம் பெரிய பொண்ணு பூங்காவனம் ஆவடி டேசன்ல செத்துப் பூட்டாம்மா. எஞ் சின்னப் பொண்ணு வடிவு ரயில்ல செத்துப் பூட்டாம்மா. ரூமு ஒண்ணு சும்மா கீது." விசில் ஒவ்வொன்றாக நின்றது. உட்காரு என்று ஒருத்தன் சொன்னான். மற்ற யாரும் சொல்லவில்லை.

அடுத்தபடி திரையில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு நிழல் எழுந்தது. மணிக்கட்டு, வளையல்கள், விரித்த ஐந்து விரல்கள். படம் காட்டும் மிஷினிலிருந்து வந்த வெளிச்சத்தின் நடுவே, பெஞ்சின்மேல் ஏறி நின்று தாட்சாயிணி அம்மாள் வலது கையைத் தூக்கியிருந்தார். கை திரை அளவு பெரிதாக இருந்தது. ராஜா பேசிக்கொண்டே போனார். கை இறங்கவில்லை.

ஆண்கள் பக்கம் இருட்டில் திருவேங்கடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பழக்கத்தில், "பெண் அங்கத்தினர், ஒன்று" என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று நினைவு வந்தது. முதலியாரின் இடது கை அவர் மடியிலேயே கிடந்தது.

"யாரு கைக்கா அது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மெம்பரம்மா கை" என்றாள் முனியம்மா. பேத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு அதையே பார்த்தாள். "நல்லாத் தெரியுது. எம் பொண்ணுதான் இல்ல, பாக்க."